மடக்கினால் அழாத கால்

அந்தப் பிள்ளையை வெளியே எடுத்தவள் நான்தான். காலைப் பிடித்துத்தான் எடுத்தேன். தலை வர வேண்டிய இடத்தில் முதலில் ஒரு பாதம் வந்தது, பிறகு இன்னொன்று வந்தது, இடுப்பு வரை வந்து நின்றுவிட்டது. உடம்பு வெளியே, தலை உள்ளே என்றிருக்கும்போது டாக்டருக்கு யோசிக்க நேரம் கிடையாது. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பி, தோள்களை விடுவித்து, தலையையும் எடுத்துவிட்டேன். நீலமாகக் கிடந்த பிள்ளை உள்ளங்காலில் இரண்டு தட்டு வாங்கிய பிறகு அழுதது. பெண் பிள்ளை, ஐந்து ராத்தல்.

எடுக்கிறபோது என் கைக்குள் எங்கேயோ 'சொடக்' என்று ஒரு சத்தம் கேட்டதுபோல் இருந்தது. என் விரல் சொடுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். பிள்ளை இரண்டு காலையும் நன்றாக உதைத்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் மறக்கவில்லை. அடுத்து நான் செய்த முட்டாள்தனத்துக்கெல்லாம் அந்தச் சத்தம்தான் காரணம்.

நான் அப்போது புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஆவூர்ப் பக்கம், எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தேன். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்களாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பது வயது. மெட்ராசில் படித்தவள் என்ற நினைப்பு நிறைய இருந்தது. கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் சத்தம் போட்டால் எட்டுக் கட்டிலும் எழுந்து உட்காரும் என்று எங்கள் கம்பவுண்டர் வெளியே சொல்வாராம். எனக்கு அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் அவருக்கும் நாலு வார்த்தை கிடைத்திருக்கும்.

பிள்ளையின் தாய் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கொஞ்சம் கடலைக்காடும் ஒரு துண்டு நஞ்சையும் உள்ள வீடு. புருஷன் மலேயாவில் தோட்ட வேலையில் இருந்தான். லீவில் வந்துவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தாய் இல்லாத பெண் என்பதால் பிரசவத்துக்குப் புகுந்த வீட்டிலிருந்தே வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஒன்று மூன்றாம் நாள் போய்விட்டது, இன்னொன்று பத்தாம் நாள் போய்விட்டது. இரண்டு தடவையும் 'பிள்ளை பிறந்திருக்கிறது' என்று அவள் ஆள் வைத்து எழுதிய கடிதம் கப்பலில் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இல்லை. அவன் அங்கே சந்தோஷப்பட்டு எழுதிய பதில், இங்கே துக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதனால் இந்தத் தடவை பிள்ளை தங்கும் என்று நிச்சயமாகிற வரை அவனுக்கு எழுதப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். 'இது எனக்குத் தங்குமாங்க?' என்று என்னிடம் கேட்டாள். தங்காமல் எங்கே போகும் என்று அதட்டினேன். எனக்குப் பதில் தெரியாத கேள்விகளுக்கு நான் அப்படித்தான் பதில் சொல்வேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கும் என் வயதுதான். இரட்டை ஆண் பிள்ளைகளைப் பெற்றவள். அதனால் ஊரில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, இரட்டைப்பிள்ளைக்காரி என்றால்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை வைத்து நீவினால் சுளுக்கு விலகும் என்று நம்பிக்கை. தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர்களுக்கும் அந்த மரியாதை உண்டு. அவர்கள் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போய்விடும். இந்தப் பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுக்கும்போதே அவள், 'காலு முன்னாடி வந்த பிள்ளைங்க. நாளைக்கு ஊருக்கே இடுப்புப் பிடிப்பு எடுக்கும் பாருங்க' என்றாள். முதலில் அது தாய்ப்பால் குடிக்கட்டும், ஊருக்கு வைத்தியம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

இரட்டைப்பிள்ளைக்காரியின் பெரிய கைவேலை உரம் எடுப்பது. கழுத்து நிற்காத கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினால் உடம்பில் எங்கேயாவது பிசகிக்கொள்ளும். அதற்கு உரம் விழுவது என்று பெயர். பிள்ளை ஒரு பக்கம் திரும்பாது, பால் குடிக்காது, தொட்டால் சிணுங்கும். பழைய நூல் சேலை ஒன்றை நீளமாகப் பிடித்து, நடுவில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையை ஏற்றி இறக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று தடவை உருட்டுவார்கள். அவ்வளவுதான். இதற்குக் காசு வாங்கக்கூடாது, வாங்கினால் கைராசி போய்விடும். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

காம்பவுண்டுக்குள் இந்த வேலையைச் செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று நான் வந்த முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை. கேட்டுக்கு வெளியே இருக்கிற புளியமரத்தடிக்குப் போய்விட்டாள். என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயும் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். பிள்ளை சுகமானால் பேர் யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தாள். பிள்ளையின் இடது மார்பு சிவந்து வீங்கியிருந்தது. பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் தடித்து ஒரு சொட்டுப் பால் கசிவது உண்டு. தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்பு அது, விட்டுவிட்டால் தானே வற்றிவிடும். ஆனால் குளிப்பாட்ட வருகிறவர்கள் அதைப் பிதுக்கி எடுத்தால்தான் நல்லது என்று நினைப்பார்கள். பிதுக்கியதில் சீழ் வைத்துவிட்டது. குளிப்பாட்டியவள் அங்கே இல்லாததால் அவளுக்குச் சேர வேண்டிய திட்டையும் தாய்க்கே கொடுத்துவிட்டு, மூன்று நாள் பெனிசிலின் போட்டேன். கட்டி உடைந்து ஆறியது. ஊசியை நிறுத்தினேன், அத்தோடு அதை மறந்தும் போனேன்.

இருபத்திரண்டாம் நாள் அவள் மூன்றாவது தடவையாக வந்தாள். பிள்ளையின் வலது கால் முட்டி வயிற்றை நோக்கி மடங்கியிருந்தது. இடது கால் உதைத்தது, வலது கால் அசையவில்லை. நீட்டிப் பார்க்கலாம் என்று பாதத்தைப் பிடித்து இழுத்ததும் பிள்ளை வீறிட்டது. உடம்பு லேசாகச் சுட்டது. இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை என்று தாய் சொன்னாள்.

அந்தச் 'சொடக்' காதுக்குள் மறுபடி கேட்டது. நான் இழுத்ததில் தொடை எலும்போ இடுப்பு மூட்டோ அன்றைக்கே விட்டுப்போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிறந்தபோது ஒடிந்த எலும்பு இருபது நாளில் கூடி முடிச்சு விழுந்திருக்கும், அதற்குப் பிறகு புதிதாக வலிக்காது, காய்ச்சல் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பஞ்சு சுற்றிய மூங்கில் தப்பை ஒன்றை எடுத்து, காலை நீட்டி, இடுப்பிலிருந்து குதிகால் வரை கட்டினேன். எலும்பில் சின்னப் பிசகு, கட்டோடு இருந்தால் கூடிவிடும் என்று தாயிடம் சொன்னேன். பிசகு யாரால் வந்தது என்று சொல்லவில்லை. பயத்தைவிட அந்த ஒளிவுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

பிள்ளையையும் தாயையும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டேன். பிள்ளை தொண்டை கட்டுகிற வரை அழுதது. பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. எலும்பு கூடுகிற வரை அழத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் கட்டில் பக்கம் போவதைக் குறைத்தேன்.

மூன்றாம் நாள் பகலில் ஓ.பி. கூட்டம் கலைந்த நேரம். ஆயா என் அறைக்குள் வந்தாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் நான் வைத்துக் கட்டிய மூங்கில் தப்பை. அவளுக்குப் பின்னால் தாய், வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள். யார் கட்டை அவிழ்த்தது என்று கேட்டேன். நான்தாங்க என்றாள் ஆயா. அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம். வேலையை விட்டுப் போ என்பதும் அதில் ஒன்று. அவள் பிள்ளையை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு, நான் முடிக்கிற வரை காத்திருந்தாள்.

'உரம் எடுக்கச் சொல்லி இந்தத் தங்கச்சி புளியமரத்துக்குக் கொண்டாந்துச்சு. நான் மாட்டேன்னுட்டேன்' என்றாள். 'இது உரம் இல்லைங்க டாக்டரம்மா.'

'அது எனக்குத் தெரியாதா? கட்ட எதுக்கு அவுத்த?'

'ஒடைசலும் இல்லைங்க. ஒடஞ்சிருந்தா எங்கிட்டு அசைச்சாலும் வலிக்கும்ல? இது மடக்கினா அழுகல. மடக்கி வச்சுக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுனாலும் அழுகல. நீட்டுனாத்தான் அழுகுது. நீங்க நீட்டியே கட்டி வச்சிருக்கீங்க.'

அடுத்த திட்டு என் வாயில் தயாராக இருந்தது. பிள்ளையை வாங்கி மேஜையில் கிடத்தினேன். வலது கால் தானாக மடங்கிக்கொண்டது. முட்டியைப் பிடித்து உள்பக்கம் திருப்பினேன். அழவில்லை. வெளிப்பக்கம் திருப்பினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலம் நீட்டினேன், வீறிட்டது. மூட்டிலோ எலும்பிலோ கோளாறு என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வலித்திருக்க வேண்டும். இந்தச் சின்னச் சோதனையை மூன்று நாளைக்கு முன் நான் செய்திருக்கலாம். குற்றவாளி நான்தான் என்று தீர்மானித்துவிட்டதால் வேறு எதையும் தேடவில்லை.

பிள்ளையின் வயிற்றில், வலது பக்கம், தொடையிடுக்குக்கு மேலே விரலை மெதுவாக அழுத்தினேன். ஆழத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எலுமிச்சங்காய் அளவு. மேலே தோலில் ஒன்றும் தெரியவில்லை, தொட்டால் மட்டும் மற்ற இடத்தைவிடச் சூடு.

முதுகெலும்பின் ஓரத்தில் தொடங்கி, வயிற்றின் அடியாழத்தில் இறங்கி, தொடையில் வந்து சேருகிற தசை ஒன்று உண்டு. தொடையை மடக்குவது அதன் வேலை. அதற்குள் சீழ் கோத்தால், தசை இழுபடாமல் இருக்கக் கால் மடங்கியே நிற்கும். மெட்ராசில் படிக்கும்போது முதுகெலும்புக் காசநோய் வந்த ஒரு கூலிக்காரருக்கு அதைப் பார்த்திருக்கிறேன். கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்தபடியேதான் நடப்பார். ஆனால் பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு அது வரும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. பிள்ளையின் மார்பில் ஆறிப்போன கட்டியின் தழும்பு கண்ணில் பட்டது. வெளியே ஆறிய சீழின் கிருமி, ரத்தத்தோடு போய் ஆழத்தில் இடம் பிடித்துக்கொண்டது. மூன்று நாளில் ஊசியை நிறுத்தியவள் நான்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. காலை நான் ஒடிக்கவில்லை என்ற நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகுதான் மூன்று நாளாக அந்தச் சீழ்பிடித்த தசையை நான் இழுத்துக் கட்டி வைத்திருந்தது உறைத்தது. வாசலில் நின்ற தாயைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். 'எலும்புல ஒண்ணும் இல்லம்மா. உள்ளுக்குள்ள சீழ் கட்டியிருக்கு. நான் தப்பாக் கட்டுப் போட்டுட்டேன்' என்றேன். அவள் என் தப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிழைக்குமா என்று மட்டும் கேட்டாள். இந்தத் தடவை நான் அதட்டவில்லை. தெரியவில்லை, ஆனால் இன்றைக்கே புதுக்கோட்டைக்குப் போனால் வழி இருக்கிறது என்றேன்.

மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தோம். கேட்டைத் தாண்டும்போது ஆயாவும் சேலை மூட்டையோடு வந்து நின்றாள். 'தங்கச்சிக்குத் துணை வேணும்ல, நானும் வாரேன்' என்றாள். சற்று முன்னால் அவளை வேலையை விட்டு அனுப்பியது எனக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அந்தக் காலத்துச் சாலையில் பஸ் குதித்த குதிப்பில் பிள்ளை துடித்தது. ஆயா மூட்டையை அவிழ்த்து அந்தப் பழைய நூல் சேலையை எடுத்தாள். எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து அவளும் தாயும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது. பாதை மறைகிறது என்று கண்டக்டர் முனகினார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். பிள்ளை உருளக்கூடாது என்பதற்காக அந்தச் சேலையை இரண்டு பேர் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கை கடுத்தாலும் இரண்டு பேரும் புதுக்கோட்டை வரை தாழ்த்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த சர்ஜன் அதிகம் பேசாதவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று படத்தை என்னிடம் நீட்டினார். காலை ஒரு தடவை நீட்டினார், பிள்ளை அலறியது. இடுப்பு மூட்டில் சீழ், உடனே மூட்டைத் திறக்க வேண்டும் என்றார். பச்சைப்பிள்ளைகளுக்கு அப்படி வருவது வழக்கம்தான், அவர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மூட்டு சுத்தமாக இருந்து, அதைத் திறந்து அங்கேயும் கிருமி புகுந்தால், பிள்ளை ஆயுசுக்கும் நொண்டி. சீழ் தசையிலேயே கிடந்தால் நாலு நாளில் உயிர் போய்விடும். எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பதில்தான் எல்லாமே இருந்தது.

இது தசைக்குள் இருக்கிற சீழ் என்று நான் வாதாடினேன். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். பெரியவர்களுக்கு இருக்கிறது என்றேன். பிறந்த பிள்ளைக்கு இருக்கிறதா என்றார். எனக்குக் கோபத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது கதவோரத்திலிருந்து ஆயா பேசினாள்.

'ஐயா, மடக்கிப் பாருங்க. மடக்கிக்கிட்டே திருப்பிப் பாருங்க.'

எனக்கு உயிர் போய் வந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் முட்டியை மடக்கி உள்ளே திருப்பினார், வெளியே திருப்பினார். பிள்ளை கொட்டாவி விட்டது. இன்னொரு தடவை செய்தார். இன்னொரு தடவை வயிற்றைத் தடவினார். என்னிடம், 'ஊசி குத்தி உறிஞ்சிப் பாத்துருவோம். வயித்துப் பக்கம் சீழ் வந்தா மூட்டத் தொடமாட்டேன். வரலைன்னா திறந்துருவேன்' என்றார்.

நான் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசியில் ஒன்றும் வரவில்லை. சிரிஞ்ச் காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஊசியை வெளியே எடுத்து, ஒரு விரல் அகலம் தள்ளி, இன்னும் ஆழமாக இறக்கி, பின்னால் இழுத்தார். கெட்டித் தயிர் மாதிரி சீழ் ஏறியது. சீழைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தி அன்றைக்கு உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டாள்.

பிள்ளை மயங்க நாலு சொட்டு ஈதர் காட்டி, வயிற்றின் ஓரத்தில் ஒரு அங்குலம் கீறி, சீழை வடித்து, மிச்சம் வடிய ஒரு ரப்பர்த் துண்டை வைத்துக் கட்டினார். கை கழுவும்போது, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் ஆயா என்றேன். எத்தனை வருஷ சர்வீஸ் என்றார். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்றேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அது போதும் என்பதுபோல் தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஆறு மணி நேரத்துக்கொரு தடவை பெனிசிலின் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டு, மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து பார்த்தபோது பிள்ளை வாடிக் கிடந்தது. தாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆயாதான் அவளை அதட்டி நாலு வாய் ஊட்டிவிட்டாள். அதட்டலில் அவள் என்னிடம் நிறையக் கற்றுக்கொண்டிருந்தாள். சர்ஜன் திருச்சியிலிருந்து ஒரு புது மருந்தை வரவழைத்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை விழித்து, தாயின் மார்பில் கால் மணி நேரம் விடாமல் குடித்தது.

இனிக் கால் நீள வேண்டும். இழுத்து நீட்டக்கூடாது என்பதை நான் வாழ்நாளுக்கும் படித்திருந்தேன். ஆயாவின் சேலையை வாங்கி ஆறு மடிப்பாக மடித்துப் பிள்ளையின் வலது முட்டிக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் ஒரு மடிப்பைக் குறை, அழுதால் குறைக்காதே, மறுநாள் பார் என்று அவளிடம் சொன்னேன். ஒரு நாள் அழுதது, விட்டுவிட்டாள். மறுநாள் அழவில்லை, குறைத்தாள். நான் போகிறபோதெல்லாம் வார்டுக்குள் நுழையும் முன்னால் தூரத்திலிருந்தே விரலால் கணக்குக் காட்டுவாள். நாலு, மூன்று, இரண்டு.

கடைசி மடிப்பை எடுக்கும்போது நான் அங்கே இருந்தேன். சேலையை உருவிவிட்டாள். வலது கால் கட்டிலில் படிந்தது, இடது காலுக்குச் சமமாக. பிள்ளை அழவில்லை. ஆயா உள்ளங்காலில் விரலை வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினாள். அந்தக் கால் சட்டென்று மடங்கி, நீண்டு, என் கையில் ஒரு உதை விட்டது. அன்றைக்கு நான் பலபேர் முன்னால் அழுதேன். அழுகிறேன் என்று யாரையும் திட்டக்கூட இல்லை.

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'ஒரு கடுதாசி எழுதித் தாங்க' என்றாள். தபாலாபீசில் ஏர்மெயில் தாள் வாங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவள் சொன்னது இரண்டே வரி. பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. கால் ரெண்டும் நல்லா இருக்கு. ஏன் காலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாள் என்று அவன் அங்கே குழம்பியிருப்பான். நான் அவள் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்துச் சேர்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஆயாவிடம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். இனி உரம் எடுப்பதைக் காம்பவுண்டுக்குள்ளேயே எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன் பிள்ளையை என்னிடம் காட்ட வேண்டும். நானும் கட்டுப் போடுவதற்கு முன் அவளிடம் காட்டுவேன். அவள் கொஞ்சம் யோசித்து, நிழல் புளியமரத்தடியில்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, காட்டுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டாள். பிறந்த பிள்ளையின் மார்பைப் பிதுக்கக்கூடாது என்பதை நான் சத்தம் போட்டுச் சொன்னபோது கேட்காத ஊர், அவள் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னபோது கேட்டது. அதற்குப் பிறகு என் உத்தியோக காலத்தில் இன்னும் ஒரே ஒரு பிள்ளையை அந்த மாதிரி மடங்கிய காலோடு பார்த்தேன். அந்தத் தடவை நாங்கள் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை.

ஆறேழு வருஷம் கழிந்தது. ஒரு நாள் காலையில் பிரசவ அறையில் குனிந்து நிமிரும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மெட்ராசில் பார்த்த அந்தக் கூலிக்காரர் மாதிரி தொடையில் கையை ஊன்றிக்கொண்டு என் அறைக்கு வந்து சேர்ந்தேன். தைலம் தடவினேன், மாத்திரை போட்டேன், எல்லாரையும் திட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்தத் தாய் அடுத்த பிரசவத்துக்குப் பேர் பதிய வந்திருந்தாள். கூட, நான் காலைப் பிடித்து எடுத்த அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா உருவம் பதித்த சுரூபம், ஒரு நிமிஷம் நிற்காத கால்கள். அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு அங்குலத் தழும்பு மட்டும் பாவாடைக்குள் இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். ஆயா அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். 'குப்புறப் படுங்க டாக்டரம்மா' என்றாள்.

எனக்கு மெட்ராஸ் படிப்பு ஞாபகம் வந்தது. கம்பவுண்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்றும் யோசனை வந்தது. படுத்தேன்.

பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி என் இடுப்பில் இடது பாதத்தை வைத்தாள். 'அந்தக் காலு இல்ல ஆத்தா, வலது காலு' என்றாள் ஆயா. பாதம் மாறியது. முதலில் பயந்து பயந்து, பிறகு முழுசாக அந்த ஒற்றைக் காலில் ஏறி நின்றாள். அந்தக் காலின் பாரம் முழுவதும் என் மேல் இறங்கியது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

'வலிக்குதாங்க டாக்டரம்மா?' என்று மேலேயிருந்து பிள்ளை கேட்டாள்.

'இல்லம்மா' என்றேன். 'இன்னும் நல்லா நீட்டி மிதி.'